வேம்பனூர் ராஜாவின் கொட்டாவிச் சட்டம்

வேம்பனூர் ராஜா அச்சுதப்ப பூபதிக்கு ஐம்பது வயதில் இங்கிலீஷ் பைத்தியம் பிடித்தது. யாரோ ஒரு துரை மூன்று மாதம் அரண்மனையில் விருந்தாளியாகத் தங்கினான். இருந்த கோழிகளை எல்லாம் தின்று தீர்த்தான். பதிலுக்கு ஓர் இலக்கண நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். ராஜா அதில் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. தாண்ட மனசும் வரவில்லை. அந்தப் பக்கத்தில்தான் 'எனிபடி ஹூ' இருந்தது.

"இதன் அருமை தெரியுமா, மயிலேறி?" என்று தன் விகடகவியைப் பிடித்துக்கொண்டார். "செய்தவன் பெயர் தெரிய வேண்டாம், ஊர் தெரிய வேண்டாம். 'எனிபடி ஹூ' என்று ஆரம்பித்துக் காரியத்தைச் சொன்னால் போதும். எவனொருவன் அதைச் செய்கிறானோ அவன் தானாக வந்து மாட்டிக்கொள்வான்!"

"நல்ல வலைதான் மகாராஜா. வீசுகிறவர் கால் உள்ளே இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றான் மயிலேறி.

ராஜா காதில் வாங்கவில்லை. தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சபையைக் கூட்டிப் பாடம் படித்தார்.

"எனிபடி ஹூ ஈட்ஸ், ஸ்லீப்ஸ். எவ்ரிபடி ஹூ ஸ்லீப்ஸ், ஸ்நோர்ஸ்."

எவரொருவர் சாப்பிடுகிறாரோ அவர் தூங்குவாராம். தூங்குகிற எல்லோரும் குறட்டை விடுவார்களாம். வயிறு முட்ட மோர்க்குழம்புச் சோறு தின்றுவிட்டு இதைக் கேட்டால் தூணே கொட்டாவி விடும். சபையும் விட்டது. ராஜாவுக்கு வந்ததே கோபம்! அன்றே தண்டோரா போடச் சொல்லிவிட்டார்.

"மகாராஜா இங்கிலீஷ் பேசும்போது எவரொருவர் கொட்டாவி விடுகிறாரோ, அவருக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஊர்வலம்!"

மறுநாளே இருளப்பன் மாட்டினான். ராஜாவின் வெற்றிலைப் பெட்டியைத் தூக்குகிறவன். மாட்டிவிட்டவர் திவான் அம்பலவாணர். அந்த வேலையை மைத்துனனுக்கு வாங்கிக் கொடுக்க ஒரு வருஷமாகச் சமயம் பார்த்துக்கொண்டிருந்த புண்ணியவான்!

இருளப்பன் ராஜா காலில் விழுந்தான். "சாமி, நாளைக்கு எம்மகளுக்குப் பரிசம் போட மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. நான் கழுதை மேல போறதைப் பார்த்தா அப்படியே வண்டியைத் திருப்பிருவாங்க சாமி."

பாவம், பார்க்கவே சகிக்கவில்லை. ராஜாவுக்கும் மனசு இளகியது. ஆனால் தண்டோரா போட்ட சட்டத்தை மாற்ற அவராலும் முடியாது. வாசலில் கழுதையும் வந்து நின்றுவிட்டது.

"திவான் இன்னும் நடித்துக் காட்டவில்லையே?" என்றான் மயிலேறி.

வேம்பனூரில் அப்படி ஒரு வழக்கம். ராஜாவின் தாத்தாவுக்குக் காது கேட்காது. ஆகவே புகார் சொல்கிறவர் குற்றத்தைச் சபையில் நடித்தே காட்ட வேண்டும் என்று வைத்தார். தாத்தா போய்விட்டார், வழக்கம் போகவில்லை. போன மாதம்கூட ஆட்டுத் திருட்டுக்காக மணியக்காரர் ஒரு கிடாயைத் தோளில் போட்டுக்கொண்டு சபையைச் சுற்றி ஓடினார்.

"மகாராஜாவும் பாடம் படிக்க வேண்டும். குற்றம் அப்போதுதானே நடந்தது?" என்றான் மயிலேறி.

ராஜாவுக்குக் கசக்குமா? உடனே ஆரம்பித்தார். திவான் நடுவில் வந்து வாயை லேசாகத் திறந்து மூடினார்.

"அவ்வளவுதானா? கொசு நுழைகிற அளவுக்குத் திறந்ததற்கா கழுதை?"

திவானுக்கு ரோஷம் வந்துவிட்டது. கண்ணை மூடி, கைகளைத் தூக்கி, கடைவாய்ப்பல் தெரிய "ஆ... ஆ... வ்" என்று இழுத்தார். பாதியிலேயே நடிப்பு நிஜமாகிவிட்டது. அதைப் பார்த்த சேனாதிபதி ஒன்று விட்டார். அவரைப் பார்த்துப் புரோகிதர் விட்டார். சாமரம் வீசுகிறவர்கள் ஜோடியாக விட்டார்கள்.

"எனிபடி ஹூ ஈட்ஸ், ஸ்லீ..."

ராஜா வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது. கிரீடம் பின்னால் சரிந்தது.

மயிலேறி பணிவாகக் கேட்டான். "ஒரு சந்தேகம் மகாராஜா. எவரொருவர் என்றால் அதில் யார் யார் சேர்த்தி?"

ராஜா கிரீடத்தை நேராக்கிக்கொண்டார். "எல்லோரும்தான்."

"அப்படியானால் கழுதையில் முதலில் ஏறுவது யார்? பதவி வரிசைப்படிதானே?"

"ஐயோ, சட்டத்தை மாற்றவும் முடியாதே! வழி சொல்லடா!"

"சட்டம் அப்படியே இருக்கட்டும். புகார் இல்லாவிட்டால் வழக்கு ஏது? திவானைத்தான் கேட்க வேண்டும்."

திவான் அலறினார். "புகாரை வாபஸ் வாங்கிவிட்டேன்! அப்போதே வாங்கிவிட்டேன்!"

இருளப்பன் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். ராஜா தன் பட்டு உத்தரீயத்தை எடுத்து, "உன் மகளுக்கு" என்று அவன் கையில் கொடுத்தார். அந்தச் சமயம் பார்த்து வாசலில் நின்ற கழுதை மஞ்சள் பல் முழுவதும் தெரிய ஒரு கொட்டாவி விட்டது.

"இதுவுமா? இதற்கு என்ன தண்டனை?" என்றார் ராஜா.

"சட்டம் 'எவரொருவர்' என்கிறது. கழுதை எப்படி அதில் வரும்? இங்கே இன்றைக்குக் கொட்டாவி விட்டும் நிரபராதி அது ஒன்றுதான் மகாராஜா!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கீழேயே விழுந்துவிட்டது. "உனக்கு என்ன வெகுமதி வேண்டும், கேள்!"

"அந்த இலக்கண நோட்டு" என்றான் மயிலேறி.

கொடுத்த வாக்காயிற்றே, ராஜா நோட்டைக் கொடுத்துவிட்டார். மறுநாள் மத்தியானம் வேம்பனூர் சபை ஒன்றாகச் சேர்ந்து, பயமில்லாமல், நிம்மதியாக ஒரு கொட்டாவி விட்டது.