ஸாரிக்கு நாலாவது வரி

குரு என்றால் தாடி இருக்கும், காவி இருக்கும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய்த்த குருவுக்கு வயது முப்பத்தி நாலு. பெயர் இமெல்டா. கோவில்பட்டிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். எனக்கு ஐம்பத்தி மூன்று. நான் அவரை டீச்சர் என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை, திட்டுக்கும் குறைச்சல் இல்லை.

என் தொழில் கவிதை. சிரிக்க வேண்டாம். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா எதுவென்றாலும் பிளக்ஸ் பேனரில் கீழே நாலு வரி ஓடுமே, ‘கவிஞர் சண்முகவேல்’ என்று பெயரோடு, அது நான்தான். முப்பது வருஷமாகத் தமிழில் எனக்கு எதுகைக்குத் தட்டுப்பாடு வந்ததில்லை. இப்போதைய மாப்பிள்ளைப் பையன்கள்தான் உயிரை வாங்கினார்கள். ‘லவ்’ என்று முடியணும், ‘லைஃப்’ என்று முடியணும் என்று கேட்டால் நான் எங்கே போவேன்? பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பாட்டுக் கட்டிக் கொடுக்கிற டீச்சர் ஒருத்தர் இருக்கிறார் என்றார்கள். போய்க் கேட்டேன். சனிக்கிழமை சனிக்கிழமை வரச் சொன்னார். இரண்டு வருஷமாக நாலாம் வகுப்பு பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்து பாடம் கேட்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை நான் போனது ‘ஸாரி’க்காக.

எனக்கு ஒரே அக்கா, பேச்சியம்மாள். அம்மா போன பிறகு என்னைச் சோறு ஊட்டி வளர்த்தவள். அவளுடைய மகள் சுகன்யாவுக்குப் பத்து மாசம் முன்னால் கல்யாணம். தாய்மாமன் நான், சும்மா இருப்பேனா? மண்டபத்து வாசலில் பத்துக்கு இருபது பேனர் வைத்தேன். நாலு வரியும் நாலு முத்து. அதில் கடைசி இரண்டு:

‘விட்டுவிட்டு ஓடிப்போனார் அத்தான்
வியர்வை சிந்தி வளர்த்ததெல்லாம் அக்காதான்.’

அத்தான், அக்காதான். எப்படி வந்து உட்கார்ந்தது பாருங்கள். எழுதிய அன்றைக்கு எனக்கே கை தட்டத் தோன்றியது.

அத்தான் ஓடிப்போனது உண்மை. பிள்ளைக்கு இரண்டு வயசு அப்போது. ஆனால் அக்கா இருபத்திரண்டு வருஷமாக அதை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. வடக்கே வேலையில் இருக்கிறார் என்றுதான் சொல்வாள். சம்பந்திக்கு எப்படியோ உண்மை தெரியும், தெரிந்தும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டார்கள். மண்டபத்துக்கு வந்த மற்ற நானூறு பேருக்கும் நான் தெரியப்படுத்திவிட்டேன்.

அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசவில்லை. எனக்கும் மூக்குக்கு மேல் கோபம். பாராட்டித்தானே எழுதினேன், வைதா எழுதினேன் என்று நானும் போகவில்லை. பத்து மாசம் இப்படியே ஓடிவிட்டது. இப்போது சுகன்யாவுக்கு வளைகாப்பு, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை. ஊரெல்லாம் அழைப்பு போயிருக்கிறது. தாய்மாமனுக்கு இல்லை. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, நாமே இறங்கிப் போவோம் என்று முடிவு செய்தேன். மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனையில் ஆறடிக்கு எட்டடி பேனர் ஒன்று. பேனர் கடையில் சொல்லியும் வைத்துவிட்டேன். மூன்று வரி முடிந்திருந்தது, நாலாவதுக்குத்தான் வார்த்தை சிக்கவில்லை. டீச்சரிடம் தாளை நீட்டினேன்.

‘அக்கா உனக்கு ஆயிரம் ஸாரி
அன்பைக் கொடுப்பாய் அள்ளி வாரி
ஏறிப் போச்சென் நெஞ்சில் லாரி’

டீச்சர் இரண்டு தடவை படித்தார். என்ன அக்கா, என்ன ஸாரி என்று கேட்டார். முழுக்கதையையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. தாளின் ஓரத்தில் நான் எழுதி அடித்திருந்த ஒரு வார்த்தையை விரலால் தொட்டார்.

“இது என்ன?”

“கோபக்காரி. அருமையாத்தான் பொருந்துது டீச்சர்.”

“பெறவு ஏன் அடிச்சீங்க?”

“எழுதினா அக்காவுக்குக் கோபம் வந்துரும்.”

“வந்து பத்து மாசம் ஆச்சு, அண்ணாச்சி.”

எனக்குச் சுருக்கென்றது. நான் வந்தது வார்த்தை கேட்க, பஞ்சாயத்துக்கு இல்லை என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் தாளை நாலாக மடித்துத் தன் மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார். என் கவிதையைப் பூட்டுகிறதற்கு இவர் யார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எந்திரிங்க,” என்றார். “கரும்பலகை முன்னால வந்து நில்லுங்க.”

பிள்ளைகள் பாட்டு ஒப்பிக்கிற இடம் அது. ஐம்பத்தி மூன்று வயசில் அங்கே போய் நின்றேன். அவர் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

“நான்தான் உங்க அக்கா. சொல்லுங்க.”

“என்னத்த?”

“ஸாரி.”

இவ்வளவுதானா என்று நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“அக்கா, ஸாரி. அன்பைக் கொடுப்பாய் அள்ளி...”

“நிப்பாட்டுங்க.”

நான் வேண்டுமென்று சொல்லவில்லை. அதுவாகத்தான் வந்தது. முப்பது வருஷப் பழக்கம், ஒரு வரியை வாய் சொன்னால் அடுத்தது தன்னால் வந்து நிற்கும்.

“மறுபடியும்.”

“அக்கா, ஸாரி. நான் நல்லதுக்குத்தான்...”

“நிப்பாட்டுங்க.”

“இது பாட்டு இல்லையே டீச்சர்.”

“பாட்டும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். மறுபடியும்.”

“அக்கா, ஸாரி. ஆனா ஒண்ணு...”

டஸ்டரை எடுத்து பெஞ்சில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். சாக்பீஸ் தூசி பறந்தது. சேட்டை செய்கிற பிள்ளைகளிடம் கூட அவர் அப்படித் தட்டி நான் பார்த்ததில்லை. அவருக்கு நிஜமாகவே கோபம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கும் அவமானமாக இருந்தது. வீட்டுக்குப் போய்விடலாம் என்று வாசலைப் பார்த்தேன். வளைகாப்பு ஞாபகம் வந்து நின்றேன்.

“அக்கா, ஸாரி.”

பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்திவிட்டேன்.

டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே மின்விசிறி சுற்றியது. பக்கத்து வகுப்பில் யாரோ பெருக்குகிற சத்தம் கேட்டது. மேடையில் மைக் பிடித்து ஆயிரம் பேர் முன்னால் வாசித்தவன் நான். அந்த நாலாம் வகுப்பில் அப்படி ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லை. மாரி, சவாரி, அலமாரி, அம்பாரி என்று வரிசையாக வார்த்தை வந்து நாக்கில் முட்டியது.

“எதாவது சொல்லுங்க டீச்சர்.”

“என்ன சொல்ல?”

“எதாவது. இப்படிச் சும்மா நின்னா என்ன அர்த்தம்?”

“அடுத்த வரிய உங்க அக்கா சொல்லணும்னு அர்த்தம்.”

“அவ திட்டுவா.”

“ஆமா.”

“நாலு வரியோட நிக்க மாட்டா டீச்சர். பத்து மாசத்தையும் சேத்து வச்சித் திட்டுவா.”

“திட்டட்டும். உங்க வரியோட அது பொருந்தாதுதான், அண்ணாச்சி. நின்னு கேட்டுட்டு வாங்க.”

மறுநாள் காலையிலேயே போனேன். வழியெல்லாம் டீச்சரை மனசுக்குள் வைதுகொண்டே போனேன். பேனர் கடைக்காரனுக்குப் போன் போட்டு வேண்டாம் என்றேன். ஏன் அண்ணாச்சி என்று கேட்டான், அவனையும் வைதேன்.

அக்கா கூடத்தில் வளையல்களை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். பச்சை ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம். தலையை நிமிர்த்தி ஒரு தடவை என்னைப் பார்த்தாள். உட்கார் என்று சொல்லவில்லை. நான் வாசற்படியிலேயே நின்றேன்.

“அக்கா, ஸாரி.”

வாயை மூடினேன்.

அவள் கை நிற்கவில்லை. ஒரு டஜன் எண்ணி நூல் கட்டினாள், இன்னொரு டஜன் எண்ணினாள். எனக்குக் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அப்போதுதான் பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

“அது எத்தனை அடிடா? பத்துக்கு இருபதா?”

நான் தலையை ஆட்டினேன்.

“வந்தவுக எல்லாம் முதல்ல அதத்தான் படிச்சாக. படிச்சிட்டு உள்ள வந்து என்னையப் பாத்தாக. ஒவ்வொருத்தரா வந்து கையப் பிடிச்சிக்கிட்டு, நல்லா வளத்துட்டன்னு சொன்னாக. நான் சிரிச்சேன். தாலி கட்டுற வரைக்கும் சிரிச்சேன்.”

இன்னொரு டஜனை நூலில் கோர்த்தாள்.

“வடக்க இருக்காரு, வடக்க இருக்காருன்னு இருபத்திரண்டு வருசம் சொல்லிச் சொல்லி எனக்கே அது நெசமாயிருச்சு. லீவு கெடைக்கலன்னு நானே நெனச்சிக்குவேன். கல்யாணத்தன்னைக்கிக் காலையில கூட அப்படித்தான் நெனச்சேன். லீவு கெடைக்கல போலன்னு.”

அவள் கை அப்போதுதான் நின்றது.

“அந்த மனுசன் ஒரு தடவதான்டா என்னைய விட்டுட்டுப் போனாரு. மண்டபத்து வாசல்ல நீ அவர இன்னொரு தடவ போக வச்ச.”

நல்லதுக்குத்தான் அக்கா என்பது தொண்டைவரைக்கும் வந்தது. விழுங்கினேன். அக்கா விடவில்லை. பத்து மாசத்தில் வந்தவர்கள் போனவர்கள் எல்லாம் என்னென்ன கேட்டார்கள், எந்த ஊர், யாரோடு, குழந்தை உண்டா என்று எப்படியெல்லாம் துருவினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். வெயில் ஏறி என் முதுகுக்கு வந்துவிட்டது. நான் படியைவிட்டு நகரவில்லை, வாயையும் திறக்கவில்லை.