நாலு மணி நேர உத்தரவு

மேட்டுவயல் ஜமீன்தார் திருமலைச்சாமிக்கு வயது அறுபது. தினம் நாலு மணி நேரமே தூங்குவதாக அவருக்கு ஒரு பெருமை. ஒரு நாள், அரண்மனையில் இருப்பவர்கள் எந்த வயதானாலும் அதற்கு மேல் தூங்கக் கூடாது, மீறினால் வெளியேற வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

முதலில் அகப்பட்டவள் தொட்டிலாட்டும் பொன்னாத்தா.

"ஏழு மணி நேரம் தூங்கியிருக்கே. மூட்டையைக் கட்டு!"

"சரிங்க சாமி. ஆனா தினம் பதினாறு மணி நேரம் தூங்கறவர் ஒருத்தர் இங்கே இருக்காருங்க."

"யாரடி அந்தச் சோம்பேறி? எழுப்பி இழுத்துட்டு வா!"

பொன்னாத்தா தொட்டிலிலிருந்த அவருடைய இரண்டு மாதப் பேரனை எழுப்பினாள். வீறிட்ட பிள்ளையை அவர் தோளிலேயே சாய்த்தாள்.

"விழிச்சிருக்கிறதுல உங்களுக்கு நிகர் யாருங்க? நீங்களே பாத்துக்கங்க."

ஜமீன்தார் பேரனைத் தட்டிக்கொடுத்தபடி ஊஞ்சலில் ஆடினார். சற்று நேரத்தில் இருவரும் தூங்கிவிட்டார்கள். குறட்டை மட்டும் ஒருவருடையது. தூங்கும் ஜமீன்தாரை எழுப்பும் வழக்கம் அந்த அரண்மனையில் இல்லை. ஜமீன் நிர்வாகத்தைக் கவனிக்கும் காரியக்காரரும் சமையல்காரரும் வாயைப் பொத்திக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

விளக்கேற்றும் வேளையில் அவர் கண் விழித்தார். "எவ்வளவு நேரமாச்சு?"

"சரியா நாலு மணி நேரமுங்க," என்றாள் பொன்னாத்தா. "இன்னிக்குத் தூக்கம் முடிஞ்சுதுங்க. ராத்திரிக்குப் படுக்கை விரிக்க வேண்டாம்னு சொல்லிடட்டுங்களா?"

ஜமீன்தார் அவசரமாக உத்தரவை ரத்து செய்தார். பொன்னாத்தாவின் வேலையும் தப்பியது.

"இனி யார் எவ்வளவு தூங்கறதுங்க சாமி?" என்று காரியக்காரர் கேட்டார்.

"அந்தந்த வயசுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு," என்று சொல்லி ஜமீன்தார் ஒரு கொட்டாவி விட்டார்.