தண்டபாணி சாரின் மூணு மணி

சரவணம்பட்டி கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பூங்கோதையின் சர்வரைக் கண்டாலே மேலாளர் தண்டபாணிக்கு ஆகாது. ஒரே இடத்திலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் செட்டிங் அனுப்பும் மென்பொருள் அது. அவளும் முகம் தெரியாத பலரும் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்துவிட்டிருந்தார்கள்.

“கண்டவனும் கை வைக்கிற சரக்கு” என்றார் தண்டபாணி. “இன்னிக்கு முதலாளி ரவுண்ட்ஸ் வர்றதுக்குள்ள எல்லாக் கம்ப்யூட்டரும் அச்சு அசலா என்னோடது மாதிரி ஆகணும். இல்லேன்னா உன் சர்வரைத் தூக்கிக் கடாசிருவேன்.”

“ஒண்ணு விடாமங்களா சார்?”

“ஒண்ணு விடாம.”

தண்டபாணியின் கம்ப்யூட்டரில் இருந்த செட்டிங் அத்தனையையும் பூங்கோதை அப்படியே எல்லாவற்றுக்கும் அனுப்பினாள். முதலாளி கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டார். மணி மூன்று ஆனதும் மாடி முழுக்க இருந்த கம்ப்யூட்டர்கள் ஒன்றாகக் கூவின. தண்டபாணி தனக்கென்று தினமும் வைத்திருந்த அலாரம், எல்லாத் திரையிலும் கொட்டை எழுத்தில் வந்தது:

“தண்டபாணி, தூங்கினது போதும். மூஞ்சியைக் கழுவு. முதலாளி வர்ற நேரம்.”

முதலாளி தண்டபாணியைப் பார்த்தார். தண்டபாணி பூங்கோதையைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். “அதை எடுத்துத் தொலை.”

“நீங்களே திருத்தி அனுப்புங்க சார். கண்டவங்களும் கை வைக்கிற சரக்குதானுங்களே. சரியா இருந்தா சேத்துக்கறோம்.”