எந்தச் சாமிக்கு மொட்டை?

ஒரு ஊர்ல ஒரு குஞ்சரம் இருந்தா. உன்னாட்டம் சின்னப் பொண்ணுதான், ஆனா உன்னாட்டம் போர்வையை உதைக்க மாட்டா. 'ம்' சொல்லு, சொன்னாத்தான் கதை.

அவளுக்கு இடுப்பு வரைக்கும் முடி. அது அவளுது இல்ல, மாரியாத்தாளோடது. அவ அம்மா காய்ச்சல்ல கண்ணைத் தொறக்காம கெடந்தா. அப்போ அவ அப்பா கோயில்ல போய் விழுந்து, இவ எந்திரிச்சு உக்காந்துட்டா எம்பொண்ணுக்கு மொட்டை போடுறேன் தாயேன்னு வேண்டிக்கிட்டாரு. அதுக்கு முந்தி முடியில கத்தி பட்டா உங்கம்மா பொழைக்க மாட்டான்னு அத்தைக்காரி, அம்மா காதுல விழுற மாதிரியே, பிள்ளையைப் பயமுறுத்தி வச்சிருந்தா, பாவி.

அது வெள்ளைக்காரன் காலம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை டாக்டர் வந்து பாக்குற வழக்கம் அப்பதான் புதுசு. ஒருநாள் குஞ்சரம் படிச்ச பள்ளிக்கூடத்து வாசல்ல டக்கு டக்குன்னு குதிரை வண்டி வந்து நின்னுச்சு. கோட்டுப் போட்ட டாக்டர் எறங்குனாரு. பின்னாடி கம்பவுண்டர், கையில தோல் பெட்டி. உள்ள கலகலன்னு இரும்புச் சத்தம். பிள்ளைங்க ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் ஒளிஞ்சுக்கிட்டாங்க.

ம்?

மொதல்ல கண்ணு. இமையைப் பொரட்டிப் பாத்தாரு, குஞ்சரம் பல்லைக் கடிச்சுக்கிட்டா. அப்புறம் நாக்கு. கரண்டியை வச்சு அமுக்குனாரு, 'உவ்வே'ன்னு வந்துச்சு, பொறுத்துக்கிட்டா. அப்புறம் தலையைக் குனின்னாரு. அய்யோ, அம்மா படுத்ததுல இருந்து அந்தத் தலையை யாரு சீவி விட்டா? உள்ள பூரா புண்ணு, சீழ்.

"மொட்டை அடிக்கணும்"னாரு டாக்டர்.

குஞ்சரத்துக்கு ஒண்ணும் வெளங்கல. அவ பாத்த மொட்டை எல்லாம் சாமிக்குப் போட்டதுதான். மெதுவா கேட்டா, "எந்தச் சாமிக்குங்க?"

டாக்டர், சாமிக்கு இல்லம்மா, விட்டா புண்ணு இன்னும் பரவிடும்னாரு. குஞ்சரம் எந்திரிச்சு ஓடுனா. வாத்தியார் பிடிச்சு உக்கார வச்சாரு. கம்பவுண்டர் கத்திரியை எடுத்தாரு. சரக், சரக், சரக். ஒவ்வொரு கொத்து விழும்போதும் அம்மா செத்துட்டா, அம்மா செத்துட்டான்னு அவளுக்குள்ள அடிச்சுக்குது. அப்புறம் கத்தி, மழமழன்னு மொட்டை.

கீழ கெடந்த முடியை ஒண்ணு விடாம பாவாடையில அள்ளிக்கிட்டு ஓடுனா பாரு, திடுதிடுன்னு. வீட்டுல ஒரு சத்தமும் இல்ல. சுவரைப் பிடிச்சுக்கிட்டே போய் அம்மா பக்கத்துல உக்காந்தா. அம்மா கை அசையவே இல்ல.

ம் சொல்லு. பயப்படாத, நான் இருக்கேன்ல.

அப்போ அந்தக் கை மெல்ல ஊர்ந்து வந்து அவ மண்டையைத் தடவுச்சு. அம்மா கண்ணைத் தொறந்து பாத்தா.

"மொட்டை போட்டாச்சா? அப்ப நான் பொழைச்சுட்டேனா?"

குஞ்சரம் இல்லன்னு எப்படிச் சொல்லுவா?

"ம்"னா.

அம்மா சுவத்துல கையை ஊனி எந்திரிச்சு உக்காந்தா. உக்காந்து, கஞ்சி இருக்கான்னு கேட்டா.

சாயங்காலமே அப்பாவும் மகளும் முடியைக் கொண்டுபோய்க் கோயில்ல போட்டாங்க. யாரு எறக்குன முடின்னு மாரியாத்தா கேக்கல.

எங்க, 'ம்'மையே காணோம்? சரி, கதையை எறக்கியாச்சு, நீயும் கண்ணை எறக்கு.