கிடா ஏன் பத்தடி பின்னால் போகிறது

அந்தக் காலத்தில் ஆடும் நரியும் கழுதையும் நம்மைப் போலவே வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தன. தேவைக்கு மட்டும் பேசின என்பதுதான் வித்தியாசம். அப்போது ஒரு கரட்டு மலையின் அடிவாரத்தில் இரண்டு சண்டை வாத்தியார்கள் இருந்தார்கள். ஒருவர் செங்காளன், செம்மறிக் கிடா. இன்னொருவர் கருந்தாடி, வெள்ளாட்டுக் கிடா. முட்டுச் சண்டையில் இவர்களை மிஞ்ச அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. நான் செம்மறி மேய்க்கிற வம்சம், அதனால் ஒருபக்கமாகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் நட்டமில்லை.

செங்காளன் தன் களத்தில் முதலில் சொல்லிக்கொடுத்தது அடிக்க அல்ல, நிற்க. எதிராளி நாலு காலையும் ஊன்றி, கண்ணுக்குக் கண் பார்த்த பிறகுதான் முட்டலாம். விழுந்தவனை முட்டக்கூடாது, திரும்பி நிற்பவனை முட்டக்கூடாது. மீறிய சீடனுக்கு ஒரு வாரம் களத்தில் இடமில்லை. கருந்தாடிக்கு இதைக் கேட்டாலே சிரிப்பு வரும். தப்புச் செய்தவனைக் கண்ட இடத்தில், கண்ட நொடியில் சாய்ப்பதுதான் நியாயம் என்பது அவர் கட்சி. அநியாயம் செய்கிறவன் நாள் நட்சத்திரம் பார்த்தா செய்கிறான், நான் மட்டும் எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது.

அந்தக் கோடையில் நரி வந்தது. மலையடிவாரத்தில் இருந்த ஒரே ஊற்றில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு செம்மறியின் குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடும்போது, பாறையில் கால் இடறிக் குப்புற விழுந்தது. செங்காளன் இரண்டடி தூரத்தில்தான் நின்றார். ஒரே முட்டில் கதை முடிந்திருக்கும். ஆனால் பழகிய பழக்கம் விடுமா? எழுந்து நில் என்றார். நரி எழுந்தது, நிற்கவில்லை. குட்டியோடு புதருக்குள் போனது போனதுதான்.

தாய் ஆடு மூன்று நாள் கத்தியது. அந்த மூன்று நாளும் செங்காளன் புல்லில் வாய் வைக்கவில்லை.

கருந்தாடி ஊற்றடியில் எல்லோரையும் கூட்டினார். இந்த வாத்தியாரின் ஒழுக்கத்துக்கு ஒரு குட்டி பலியாகிவிட்டது, இனி ஊற்றை நான்தான் காப்பேன், மறுப்பவர் களத்துக்கு வரட்டும் என்றார். தோற்றவர் தன் மந்தையோடு மலையை விட்டே போய்விட வேண்டும் என்று பேச்சு. மலையைத் தாண்டினால் நாலு நாள் நடைக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. செம்மறி மந்தையில் பதினோரு சினையாடுகள் இருந்தன. நடந்தால் ஒன்றுகூடப் பிழைக்காது. ஆனால் களத்துக்கு வர மறுத்தாலும் ஊற்று போய்விடும். செங்காளன் சரி என்றார்.

நடுவராகக் கழுதையை வைத்தார்கள். அதற்கு இரண்டு பக்கமும் சொந்தமில்லை, யார் ஜெயித்தாலும் அதன் பாடு ஒன்றுதான்.

வெயில் ஏறும்போது சண்டை ஆரம்பித்தது. கருந்தாடி பாறை மேலிருந்து பாய்ந்தார், பக்கத்திலிருந்து பாய்ந்தார், எதிராளி மூச்சு வாங்கத் திரும்பியபோதும் பாய்ந்தார். செங்காளனின் நெற்றி கிழிந்து கண்ணில் ரத்தம் வழிந்தது. அப்படிப் பாய்ந்ததில் ஒரு தடவை குறி தப்பி, கருந்தாடியின் முன்னங்கால் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. அவருடைய விலா அப்படியே செங்காளன் முன்னால் இருந்தது.

முட்டு, முட்டு என்று மந்தை மொத்தமும் கத்தியது. குட்டியைப் பறிகொடுத்த தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தது.

"அண்ணே, அன்னைக்கும் இப்படித்தான் நின்னீங்க" என்றது.

செங்காளன் அதைக் கேட்டார். கேட்டுவிட்டு ஓரடி பின்னால் வைத்தார். அப்புறம் இன்னோரடி. பத்தடி பின்னால் போய் நின்றார். பயந்து ஓடுறான் பாரு என்று வெள்ளாடுகள் சிரித்தன. செம்மறிகளுக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"நரிக்கு நேரம் கொடுத்தது என் தப்பு, தங்கச்சி" என்றார் செங்காளன். "திருட வந்தவனுக்கும் மோத வந்தவனுக்கும் வித்தியாசம் தெரியாம நின்னுட்டேன். அந்தப் பாவம் என் தலையிலதான். ஆனா இவன் என் பங்காளி. சொல்லிட்டுக் களத்துக்கு வந்தவன்." பிறகு கருந்தாடியைப் பார்த்துச் சொன்னார். "அவசரமில்ல பங்காளி. மெதுவா காலை எடு. நான் இங்கதான் நிக்கிறேன்."

கருந்தாடி காலை எடுக்க வெகு நேரமாயிற்று. எடுத்த கையோடு பாய்ந்திருக்க வேண்டியவர், பாயவில்லை. ஒரு கண்ணில் ரத்தத்தோடு தனக்காகக் காத்து நிற்கிறவரைப் பார்த்தார். எதிராளிக்குத் தெரியாமல் முட்ட வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்குக் கூச்சமாக இருந்தது. பின்னங்கால் இரண்டையும் ஊன்றி, முழு உயரத்துக்கும் எழுந்து நின்றார்.

"வர்றேன் பங்காளி, பார்த்துக்கோ" என்றார்.

செங்காளன் ஓடி வந்தார். பத்தடி ஓட்டத்தின் வேகம் முழுவதும் அந்த நெற்றியில் சேர்ந்திருந்தது. கொம்போடு கொம்பு மோதிய சத்தம் அடுத்த மலைக்குக் கேட்டது. கருந்தாடி உருண்டு போய் ஊற்றுத் தண்ணீரில் விழுந்தார். பின்னால் போய் ஓடி வந்தால் பலம் கூடும் என்பது அதுவரை செங்காளனுக்கே தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரிந்து செய்திருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லவே மாட்டேன்.

கழுதை தீர்ப்புச் சொன்னது. கருந்தாடி நனைந்த தாடியோடு எழுந்து, பேச்சு மாறாமல் தன் மந்தையைக் கிளம்பச் சொன்னார். செங்காளன் வழியை மறித்து நின்றார்.

"கண்ட நொடியில முட்ட எனக்கு வராது, உனக்குத்தான் வரும். நரி வர்ற பக்கம் நீ நில்லு. நமக்குள்ள மோதுறதுன்னா மட்டும் என் முறை."

கருந்தாடி தலையை ஆட்டினார், அவ்வளவுதான். கோடை முடிவதற்குள் நரிக்கு விலா எலும்பு இரண்டு போயிற்று. பதினோரு ஆடும் அந்த ஊற்றடியிலேயே ஈன்றன.

அன்று பிடித்த முறைதான் இன்றுவரை. வெள்ளாட்டுக் கிடா எழுந்து நின்று, வர்றேன் என்று காட்டிவிட்டு முட்டுகிறது. செம்மறிக் கிடா பத்தடி பின்னால் போய், எதிராளி காலை ஊன்றட்டும் என்று நிற்கிறது. அது பயந்து ஓடுகிறது என்று யாராவது இனியும் சொன்னால், கொஞ்சம் தள்ளி நின்று சொல்லச் சொல்லுங்கள்.