நாலே முக்கால் கிலோ தலை

பண்ருட்டிப் பக்கம் ஒரு பலாத்தோப்பில் காய் இறக்கும் வேலையில் மூன்று பேர் இருந்தார்கள். கலியமூர்த்தி, தனவேல், பாவாடை. மூன்று பேருமே தங்கமானவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அதுதான் சிக்கல்.

ஒருநாள் மரத்தின் மேலிருந்து தனவேல், "கழுத்தை நீட்டிப் பாருடா, காய் வருது!" என்று கத்தினான். கலியமூர்த்தி கழுத்தை நீட்டிப் பார்த்தான். காய் வந்தது. நல்லவேளை, பிஞ்சு.

மறுநாள் அவனுக்கு இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சுருசுருவென்றன.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடா," என்றான்.

இருவரும் விரல்களைப் புரட்டிப் புரட்டித் தேடினார்கள். எறும்பைக் காணோம்.

"உள்ள பூந்துடுச்சு," என்றான் பாவாடை. "பலாப்பழம் தின்ன கை. சும்மா விடுமா?"

கலியமூர்த்தி இடக்கைக்காரன். அவன் அரிவாள் பிடிக்கிற கை அது. அது போய்விட்டால் பிழைப்பே போச்சு. ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டரம்மா கழுத்துக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

"நான் சொல்ற வரைக்கும் அசையக்கூடாது," என்றார் ஸ்கேன்காரர். எடுத்து முடித்தார், சொல்ல மறந்துபோய் டீ குடிக்கப் போய்விட்டார். கலியமூர்த்தி இமை மட்டும் கொட்டினான். கூட்டாளிகள் இருவரும் அவனைப் பலகை மாதிரி தூக்கிவந்து வெளி பெஞ்சில் சாத்தி வைத்தார்கள்.

திரும்பி வந்தவர் பதறிப்போனார். "என்னய்யா ஆச்சு இவருக்கு?"

"நீங்க இன்னும் சொல்லலையே," என்றான் தனவேல்.

படம் கைக்கு வந்ததும் மூவரும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். கழுத்துக்குள் வெள்ளை வெள்ளையாக ஏழு, ஒன்றன்கீழ் ஒன்றாக.

"வரிசையா போகுது பாரு," என்றான் தனவேல்.

"வெள்ளையா இருக்குதே. எறும்பு இல்லடா, கரையான்!" என்றான் பாவாடை.

கலியமூர்த்தி அழுதே விட்டான். அழுதுகொண்டேதான் டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தான்.

"கரையானும் இல்ல, எறும்பும் இல்ல. எலும்புப்பா," என்றார் அவர். "அஞ்சாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவுல இருக்கிற ஜவ்வு கொஞ்சம் பிதுங்கி நரம்பை அழுத்துது. அதான் விரல் சுருசுருங்குது. ஆபரேஷன் எல்லாம் வேணாம். கழுத்துப் பட்டை போடு, மாத்திரை சாப்பிடு. ரெண்டு வாரம் ரெண்டு கிலோவுக்கு மேல எதையும் தூக்காதே. கையில பலம் குறைஞ்சாலோ நடை தள்ளாடினாலோ உடனே வந்துடு."

கலியமூர்த்திக்கு உயிர் வந்தது. ஆனால் வாசல் தாண்டியதும் பாவாடை நின்றான்.

"உன் தலை எத்தனை கிலோடா?"

யாருக்கும் தெரியவில்லை. நேரே பலா மண்டிக்குப் போய், தராசுத் தட்டில் அவன் தலையைச் சாய்த்து நிறுத்தார்கள். நாலே முக்கால்.

"இத்தனையை நாள் பூரா தூக்கிக்கிட்டுத் திரியறியே, பாவி!" என்று தனவேல் தலையிலடித்துக்கொண்டான்.

"உள்ள ஒண்ணும் கிடையாதே, எப்படிடா இந்த எடை?" என்றான் பாவாடை. ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, "இன்னும் பழுக்கல," என்றான்.

ஒரு முடிவுக்கு வந்தார்கள். தலையைக் கழற்ற முடியாது. ஆகவே பின்னால் நின்று யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டியதுதான். காலையில் தனவேல், மாலையில் பாவாடை. சாப்பிடும்போதும் பிடித்தார்கள், குளிக்கும்போதும் பிடித்தார்கள். கலியமூர்த்தி ராஜா மாதிரி நடந்தான்.

இரண்டு வாரத்தில் அவன் கை சுருசுருப்பு போயே போச்சு. "பிரமாதம்," என்றார் டாக்டரம்மா. "உங்களுக்கு என்ன?"

தனவேலும் பாவாடையும் கையை உதறிக்கொண்டு நின்றார்கள். "எறும்பு எங்களுக்கு மாறிடுச்சும்மா."

அவர்களுக்கும் ஸ்கேன். அவர்களுக்கும் பட்டை. அதே மாத்திரை, அதே ரெண்டு கிலோ.

தாழ்வாரத்தில் நின்று நெடுநேரம் யோசித்தார்கள். தலை மூன்று. தாங்குவதற்கு ஆளும் மூன்று. கணக்கு சரியாக வந்ததில் மூவருக்கும் சந்தோஷம். கலியமூர்த்தி தனவேல் தலையைப் பிடித்தான். தனவேல் பாவாடை தலையைப் பிடித்தான். பாவாடை எட்டி வந்து கலியமூர்த்தி தலையைப் பிடித்தான்.

பிறகு நடக்கத் தொடங்கினார்கள்.

சுற்றிச் சுற்றி வந்தவர்களைப் பார்த்து வாட்ச்மேன், "யோவ், வழியை விடுங்க! யாருய்யா முதல்ல போறது?" என்று அதட்டினார்.

"எனக்கு முன்னால இருக்கிறவன்தான் சார்," என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.