ஆள்காட்டி காட்டிய கரை

காட்டு ஏரியின் மண்கரை மேற்கே உடைந்து கிடந்தது. பாதித் தண்ணீர் பள்ளத்தில் ஓடிவிட்டது. உடைத்தது காட்டுப்பன்றி. கோரைக்கிழங்கு தோண்டும் ஆசையில் கரையையே கிளறிவிட்டது. அதைப் பார்த்த ஒரே உயிர், சரளைக்கல் நடுவே நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்த ஆள்காட்டிக் குருவி.

விடிந்ததும் காட்டின் காவலரான செந்நாய் விசாரிக்க வந்தது. அந்த வாலைக் கண்டாலே எளிய உயிர்கள் ஓடி ஒளியும். அதற்குக் காரணமும் உண்டு: முன்பெல்லாம் செந்நாய்க் குலத்தின் விசாரணை கடியில்தான் முடியும்.

"முதலில் சட்டத்தைக் கேட்டுக்கொள்" என்றது செந்நாய். "பேச விருப்பமில்லை என்றால் பேசாதே. பேசினால் உண்மையைப் பேசு. விசாரணையில் பொய் சொல்வது தனிக் குற்றம். பொய் சொன்னவர் கரையை விட்டே போகவேண்டும். சொல், உடைத்தது யார்?"

ஆள்காட்டி முட்டைகளை விட்டு எழுந்தது. பன்றியண்ணன் நல்லவன். அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஒருநாளும் ஆள்காட்டியின் முட்டையை மிதித்ததில்லை. அவனை எப்படிக் காட்டிக்கொடுப்பது?

கூட்டுக்கு ஆபத்து வந்தால் ஆள்காட்டிக் குலம் செய்வது ஒன்றே. அடிபட்டதுபோல் இறக்கையை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் ஓடிக் கத்தும். எதிரியும் அந்தப் பக்கம் போய்விடும். அந்தப் பழக்கம் இப்போதும் காலில் ஏறியது. ஆள்காட்டி கிழக்கே ஓடியது.

"இந்தப் பக்கம் வாருங்கள், ஐயா! முள்ளம்பன்றிதான் தோண்டியது. என் கண்ணால் பார்த்தேன்!"

கிழக்குக் கரையில் ஒரு கிழட்டு முள்ளம்பன்றி இருந்தது. எளியவர்களுக்கும் தண்ணீர் வேண்டும் என்று காட்டை ஆண்ட புலியிடமே சண்டை போட்டுச் சிறை கண்டது. காட்டில் எது நடந்தாலும் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள். அன்றும் பிடித்து மரப்பொந்தில் அடைத்தார்கள்.

ஆள்காட்டி முட்டைகளின் மேல் வந்து உட்கார்ந்தது. ஆனால் நிம்மதியாக உட்கார முடியவில்லை.

மாலையில் செந்நாய் திரும்பி வந்தது. சேறு அப்பிய மூக்கோடு பன்றியும், அதன் பின்னால் முள்ளம்பன்றியும் வந்தன.

"குட்டியாக இருந்தபோது உங்கள் முட்டையைத் தேடி எத்தனையோ முறை ஏமாந்திருக்கிறேன்" என்றது செந்நாய். "நீங்கள் ஓடிக் கத்தும் பக்கம் முட்டை இருக்காது. மதியம்தான் அது நினைவுக்கு வந்தது. மேற்கே போய்ப் பார்த்தேன். இவன் குளம்படி கிடந்தது. கேட்டதும் ஒப்புக்கொண்டான்."

"காலையிலேயே சொல்ல நினைத்தேன், தங்கச்சி. பயந்துவிட்டேன்" என்றது பன்றி. "கரையை மிதித்துக் கட்டச் சொன்னார். எனக்கு அவ்வளவுதான் தண்டனை."

"அவன் செய்தது தவறு. நீ செய்தது குற்றம். கிளம்பு" என்றது செந்நாய்.

"முட்டை இருக்கிறதே, ஐயா."

செந்நாய் வழியைக் காட்டியது. முள்ளம்பன்றி முன்னால் வந்தது. "பொய்யால் அடைபட்டவன் நான். தண்டனையில் எனக்கும் ஒரு பேச்சு உண்டா, இல்லையா?"

செந்நாய் முகம் சுளித்தது. "உண்டு."

முள்ளம்பன்றி ஆள்காட்டியிடம் திரும்பியது. "இந்தக் காவலருடைய அப்பாவும் தாத்தாவும்கூட என்னை விசாரித்திருக்கிறார்கள், அம்மா. 'சொல்லமாட்டேன்' என்றேன். உறுமினார்கள், கடித்தார்கள். ஒரு தோழனையும் நான் காட்டிக்கொடுத்ததில்லை. ஒரு பொய்யும் சொன்னதில்லை. அதனால்தான் நான் 'இது அநியாயம்' என்றால் இந்தக் கரை காது கொடுக்கிறது. உனக்கு வாயை மூடத் தெரியாதா?"

"தெரியாது, அண்ணே. ஆபத்து என்றால் எங்களுக்குக் கத்தத்தான் தெரியும்."

முள்ளம்பன்றிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படியானால் கத்து. ஆனால் ஓடாதே. கரை இறுகும்வரை காவல் இரு. கசியும் இடத்திலேயே நின்று கத்து. முட்டையை உன் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். ஐயா, இது போதும்."

செந்நாய் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டியது.

ஒருநாள் காலை புதுக்கரையில் தண்ணீர் கசிந்தது. ஆள்காட்டி கத்தியது. அது கத்தும் பக்கம் எதுவும் இருக்காது என்ற பழைய நினைவில் எல்லாரும் எதிர்ப்பக்கம் ஓடினார்கள். ஆள்காட்டிக்கும் ஓடச் சொல்லிக் கால் துடித்தது. அது அசையவில்லை.

"அங்கே எங்கே ஓடுகிறீர்கள்? அவள் நிற்கிறாள், பாருங்கள். கசிவு அவள் காலடியில்தான்" என்றது முள்ளம்பன்றி. பன்றி ஓடி வந்து மிதித்து அடைத்தது.

அடுத்த மழைக்கு ஏரி நிரம்பியது. எளியவர்கள் எல்லாரும் வயிறாரக் குடித்தார்கள். நான்கு குஞ்சுகளும் முள்ளம்பன்றியின் வளையைச் சுற்றி ஓடி அதன் தூக்கத்தைக் கெடுத்தன. அது திட்டியபடியே இடம்விட்டுப் படுத்தது.

விசாரணையில் வாயை மூடிக்கொள்வது உன் உரிமை. வாய் திறந்து பொய் சொன்னால் அது குற்றம்; அந்தப் பொய் நீ காப்பாற்ற நினைத்தவனைக் காப்பாற்றாமல் ஒரு பாவமும் அறியாதவன் தலையில் போய் விழும்.